யூஎக்ஸ் ஏஜென்சியில் இன்டர்ன்ஷிப்: நான்கு வாரமாகக் குறிப்பு மட்டுமே எழுதுகிறேன்

கேள்வி (ஜூன் 2, மாலை)

பயனர் அனுபவ வடிவமைப்பு (யூஎக்ஸ்) ஏஜென்சி ஒன்றில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். நான்கு வாரம் முடிந்துவிட்டது, இன்னும் ஒரு ஸ்கிரீன்கூட வரையவில்லை. யாராவது வந்து ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். என்னோடு படிப்பவர்கள் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் முழு ஆப்பையே வரைந்து போர்ட்ஃபோலியோவில் போட்டுவிட்டார்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றுகிறது. விட்டுவிட்டு வேறு இடம் தேடலாமா?

ஜூன் 2, இரவு

விட வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஓர் ஆப். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம். மாலையில் என் நோட்டை வாங்கிப் பார்த்த மூத்த ஆராய்ச்சியாளர் (எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்) ஒரு வரியில் விரலை வைத்தார். "மூன்றாவது நபருக்குக் காலண்டர் பிடிக்கவில்லை, குழம்பினார்" என்று எழுதியிருந்தேன்.

"பிடிக்கலைன்னு அவங்க சொன்னாங்களா?"

"இல்லக்கா. ஒரே தேதியை மூணு தடவை அழுத்தினாங்க."

"அப்ப அதை எழுது."

ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அந்த அம்மா தேதியை அழுத்தியதும் நேரங்களின் பட்டியல் திறக்கத்தான் செய்தது. ஆனால் ஸ்கிரீனின் அடிவிளிம்புக்கும் கீழே திறந்தது. அவர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதனால் மறுபடி அழுத்தினார். காலண்டரில் ஒரு குறையும் இல்லை. நான் எழுதிய வரி அப்படியே ரிப்போர்ட்டுக்குப் போயிருந்தால், யாரோ ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்து நல்ல காலண்டரை மாற்றி வரைந்திருப்பார். நேரப் பட்டியல் அதே இடத்தில் ஒளிந்துகொண்டிருந்திருக்கும்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் நோட்டைத் திறந்தால் அந்த மூன்று அழுத்தல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

உங்களோடு படிப்பவர்கள் வரைந்த ஆப்பை எத்தனை பேர் கையில் கொடுத்துப் பார்த்தார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. படிக்கும்போது அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஜூன் 3, காலை

நேற்று அவசரத்தில் விட்டுப்போனது. குறிப்பை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்த்தது, கேட்டது, நான் நினைத்தது. மூன்றாவது பத்தியில் எழுதத் தடை இல்லை, முதல் இரண்டில் அது கலந்துவிடக் கூடாது. பக்கத்திலேயே நேரத்தையும் எந்த ஸ்கிரீன் என்பதையும் போடுங்கள், ரெக்கார்டிங்கில் தேடும்போது அரை நாள் மிச்சமாகும்.

அவர்கள் பேசியதைத் திருத்தாதீர்கள். பேச்சை எழுத்து நடைக்கு மாற்றும் பழக்கம் நமக்குப் பள்ளியிலிருந்தே ஊறியது. இந்த வேலைக்கு அது எதிரி. ஏன் என்று இரவு எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு

அந்த ஆப்பில் ஒரு பட்டன் இருந்தது. "மறு அட்டவணை" என்று பெயர். ஆங்கிலச் சொல்லை யாரோ அகராதி வைத்துப் பெயர்த்திருக்கிறார்கள். வேறு நாளுக்கு மாற்றச் சொன்னால் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. நானோ என் நோட்டில், "பயனர் மறு அட்டவணை செய்ய முயன்றார்" என்று அழகாக எழுதி வைத்திருந்தேன்.

அவர்கள் வாயிலிருந்து வந்தது வேறு. ஒரு பெரியவர், "வேற நாளைக்கு மாத்தணும், எங்கப்பா இருக்கு அது?" என்று கேட்டார். இன்னொருவர், "தேதியை மாத்தறதுக்கு வழியே இல்லையே" என்றார். பட்டனுக்கு வைக்க வேண்டிய பெயர் அங்கேயே இருந்தது: தேதியை மாற்று. அவர்களே சொல்லித் தந்ததை நான் திருத்தி எழுதியதில் அடித்துவிட்டிருந்தேன். ரெக்கார்டிங் இருந்ததால் பிழைத்தோம்.

"இது வெறும் எழுத்தர் வேலை" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்ள முடியவில்லை. சோதனைக்கு வருபவரை, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யச் சொல்லும் இந்த முறை உளவியலிலிருந்து வந்தது. ஆய்வாளர்கள் எரிக்சனும் சைமனும் 1980இல் அதற்குக் கோட்பாடு எழுதினார்கள். ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் அதைக் கணினி இடைமுகங்களைச் சோதிக்கக் கொண்டுவந்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தத் துறை இதன் மேல்தான் நிற்கிறது. சத்தமாக யோசிப்பவரிடமிருந்து வருவதைச் சரியாகப் பிடிக்க ஓர் ஆள் இல்லையென்றால் அந்த முறையே வீண்.

ஜூன் 4

யூஎக்ஸ் என்றாலே ஸ்கிரீன் வரைவதுதானே என்று கேட்டவருக்கு. அறிவாற்றல் அறிவியலாளர் டான் நார்மன் 1993இல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிக்கு வைத்துக்கொண்ட பெயரில்தான் "பயனர் அனுபவம்" என்ற சொல் பரவலாக அறிமுகமானது. இடைமுகம் என்ற சொல் போதாது, பொருளோடு ஒரு மனிதருக்கு நேர்கிற எல்லாமே உள்ளே வர வேண்டும் என்பதுதான் காரணம். ஸ்கிரீன் அதில் ஒரு பகுதி. பெரிய பகுதிதான், மறுக்கவில்லை.

ஜூன் 6

"வெறும் ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் என்ன தெரிந்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிளையன்ட் மீட்டிங்கில் தவறாமல் வரும் கேள்வி, பதில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993இல் பல சோதனைகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பயனர் சராசரியாக 31% சிக்கல்களில் மாட்டுகிறார். அப்படியானால் ஒருவரிடம் தப்புவது 69%. ஐந்து பேரிடமும் தப்புவது 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, சுமார் 16%. மீதி 84, 85% பிடிபட்டுவிடும். ஆகவே ஐந்து பேர் போதும்.

ஜூன் 7

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். "போதும்" என்று நான் முடித்தது தப்பு.

அந்த 31% அவர்கள் பார்த்த சோதனைகளின் சராசரி. எல்லா ஆப்புக்கும் பொருந்தும் விதி அல்ல. பத்தில் ஒருவர் மட்டும் மாட்டுகிற சிக்கல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 0.9ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.59. அப்படிப்பட்ட சிக்கல்களில் பாதிக்கு மேல் ஐந்து பேரிடமும் தப்பிவிடும், 41%தான் பிடிபடும். நேரம் பதிவு செய்யும் ஆப்பில் பத்தில் ஒருவருக்குத் தேதி தவறிப்போகிறது என்றால் அது சின்ன விஷயமா?

நீல்சன் சொன்னதிலும் பாதியைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் நேற்று அதையே செய்தேன். பதினைந்து பேருக்கு வசதி இருந்தால் ஒரே தடவையில் பதினைந்து பேரை வைக்காதே, ஐந்து ஐந்தாக மூன்று தடவை வை, நடுவில் திருத்து என்றார். அதுதான் அந்த ஐந்தின் சாரம். திருத்திவிட்டு மறுபடி பார்க்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இன்னொன்று. ஐந்து பேரில் மூன்று பேர் தடுமாறினால் "60% பயனர்கள் தடுமாறுகிறார்கள்" என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். "ஐந்தில் மூன்று பேர்" என்று எழுதுங்கள். சதவீதம் போட்டதும் கிளையன்ட் அதை லட்சம் பேரின் கணக்காக எடுத்துக்கொள்வார்.

ஜூன் 10

எண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால், எனக்கு நேர்ந்த ஒன்று.

சோதனை முடிந்ததும் ஒரு தாளில் பத்துக் கேள்வி நிரப்பச் சொல்வார்கள், உங்கள் ஏஜென்சியிலும் இருக்கும். எஸ்யூஎஸ் என்பார்கள், பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று அளக்கும் கேள்வித்தாள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், கடைசியில் 0 முதல் 100க்குள் ஓர் எண் கிடைக்கும். அதைக் கூட்டிக் கொடுப்பது என் வேலை. கூட்டினேன். ஆறு பேருக்கும் ஐம்பதை ஒட்டியே வந்தது. ஆப்பைப் பாராட்டிவிட்டுப் போனவருக்கும் ஐம்பது, பாதியில் கோபத்தோடு ஃபோனைக் கீழே வைத்தவருக்கும் ஐம்பது. எனக்கு உறைக்கவில்லை. "எல்லோருக்கும் நடுத்தர அனுபவம்" என்று ஸ்லைடு செய்து அனுப்பியும்விட்டேன்.

அந்தத் தாளில் ஒற்றைப்படைக் கேள்விகள் நல்லதைச் சொல்லும், இரட்டைப்படைக் கேள்விகள் கெட்டதைச் சொல்லும். ஒற்றைப்படையில் மதிப்பெண்ணிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படையில் 5லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். நான் பத்துக்கும் 1ஐக் கழித்திருந்தேன். 5, 1, 5, 1 என்று போட்டவருக்கும் 1, 5, 1, 5 என்று போட்டவருக்கும் என் கணக்கில் கூட்டுத்தொகை 20, அதாவது 50. ஒருவருக்கு 100ம் இன்னொருவருக்கு 0வும் வந்திருக்க வேண்டும்!

அக்காதான் கண்டுபிடித்தார், எண்ணைப் பார்த்து அல்ல. "கோபமா போனாரே அவர், அவருக்கு எப்படி ஐம்பது?" என்றார். அவர் அறையில் இருந்தார், அந்த முகத்தைப் பார்த்தவர். எண் சந்தேகமாக இருக்கிறது என்பதற்கு வேறு தடயமே இல்லை.

கிளையன்ட்டிடம் நானே ஃபோனில் சொல்லித் திருத்திய ஸ்லைடை அனுப்பினேன். கைகள் நடுங்கின. அவர்கள் கோபப்படவில்லை, எந்த இடத்தில் தப்பு என்று மட்டும் கேட்டார்கள்.

ஜூன் 10, சற்று பிறகு

எஸ்யூஎஸ்ஸில் எவ்வளவு வந்தால் சராசரி என்று கேட்டதற்காக: 68ஐச் சராசரி என்று வைத்துக்கொள்வார்கள். அதுவும் சதவீதம் இல்லை. 68 வாங்கிய ஆப் "68% நல்லது" என்று அர்த்தம் கிடையாது.

ஜூன் 12

முதல் நாள் "விட வேண்டாம்" என்று நான் உறுதியாக எழுதினேன். நேற்று ஒருவர் எழுதியதைப் படித்த பிறகு அதை அப்படியே வைத்திருக்க முடியவில்லை.

அவருக்கு ஆறு மாதம். யாரோ நடத்திய சோதனைகளின் ரெக்கார்டிங்கைக் கேட்டுத் தட்டச்சு செய்தது மட்டும். ஒரு சோதனையிலும் உட்காரவில்லை, எழுதியது எங்கே போனது என்றே தெரியாது. இது வேறு விஷயம். இதைப் பயிற்சி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ஆறு மாதம் பொறுத்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் கேள்வி கேட்டவருக்குச் சொல்வதை மாற்றிக்கொள்கிறேன். குறிப்பு எழுதுவதில் குறைவில்லை, ஆனால் உங்கள் குறிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். அதை வைத்து முடிவெடுக்கும்போது உங்களைக் கூப்பிடுகிறார்களா? சோதனை முடிந்த மறுநாள் எல்லோரும் சுவரில் ஒட்டுத்தாள் ஒட்டி வகை பிரிப்பார்களே, அங்கே நீங்கள் இருக்கிறீர்களா? இல்லையென்றால் கேளுங்கள். "நான் எழுதினதை வகை பிரிக்கும்போது நானும் இருக்கலாமா?" என்று நேராகக் கேட்டால் போதும். பல இடங்களில் யாருக்கும் தோன்றாததால்தான் கூப்பிடுவதில்லை, கேட்டதும் வா என்பார்கள். கேட்டும் மறுத்தால், இரண்டாவது தடவையும் மறுத்தால், வேறு இடம் தேடுங்கள்.

ஜூன் 13

அந்தச் சுவரைப் பற்றி.

தாள்களைக் கொட்டி, ஒத்தவற்றைப் பக்கத்தில் சேர்த்து, கடைசியில் பெயர் வைக்கும் முறை ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிதா ஜிரோவுடையது. அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்தே கேஜே முறை என்பார்கள். களத்தில் சேகரித்த குவியல் குவியலான குறிப்புகளிலிருந்து பொருள் காண அவர் உருவாக்கியது.

கடைசியில் பெயர் வைப்பதுதான் இதில் கஷ்டம். நான் முதலிலேயே "முகப்பு", "காலண்டர்", "கட்டணம்" என்று ஸ்கிரீன் பெயர்களை ஒட்டிவிட்டு அதன் கீழே தாள்களை அடுக்கினேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பார்க்கச் சுத்தமாகவும் இருந்தது. அக்கா எல்லாத் தலைப்பையும் பிய்த்து எடுத்துவிட்டு, "இப்ப திரும்ப அடுக்கு" என்றார்.

மதியம் வரைக்கும் ஆனது. காலண்டரில் மூன்று முறை அழுத்தியவர், கட்டணத்தில் "போச்சா, போகலையா?" என்று கேட்டவர், முகப்பில் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூவரின் தாளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. மூன்றும் ஒரே குறை: செய்தது நடந்ததா என்று ஆப் சொல்வதில்லை. ஸ்கிரீன்வாரியாக அடுக்கியிருந்தால் மூன்று சின்னக் குறைகளாகப் பிரிந்து, மூன்று பேரிடம் போயிருக்கும்.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது அந்த மதியத்தில்தான்.

ஜூன் 17

ஏஜென்சியில் செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்று கேட்டதற்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எளிய பதில் இல்லை.

சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எடுத்து முழுதாகப் படியுங்கள். லோகோவை மறைத்து நிறத்தை மாற்றிவிட்டால் காட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்ய மாட்டேன். வெளியாகாத ஒரு ஆப்பின் குறை எந்த நிறத்தில் இருந்தாலும் அந்தக் கிளையன்ட்டின் ரகசியம்தான். சோதனைக்கு வந்தவர்களின் முகம், குரல், பெயர் வெளியே போகவே கூடாது. அவர்கள் அதற்குச் சம்மதம் தரவில்லை.

இன்டர்ன்ஷிப் முடிவதற்குள், கடைசி வாரம் வரை தள்ளாமல், எதைக் காட்டலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆப் வெளியான பிறகு காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கிடைத்தால் நல்லது.

கிடைக்காவிட்டால்? எல்லோரும் பயன்படுத்தும் ஏதாவது ஓர் ஆப்பை எடுத்து, தெரிந்தவர்கள் ஐந்து பேரிடம் சம்மதம் வாங்கி, நீங்களே சோதனை நடத்துங்கள். அதை எழுதி வையுங்கள். நான் இப்போது இன்டர்ன் தேர்வுக்கு உட்காரும்போது முதலில் தேடுவது, இவர் எங்கே தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்பதை. "இப்படி நினைத்தேன், மூன்றாவது ஆளைப் பார்த்ததும் தப்பென்று தெரிந்தது, இப்படி மாற்றினேன்" என்று ஒரு பக்கம் இருந்தால் நாற்பது பளபள ஸ்கிரீனைவிட அதிக நேரம் அதில் நிற்பேன்.

ஜூன் 20

வரைவதை நான் மட்டமாகப் பேசுவதாக ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி இல்லை. வரைவது எனக்குப் பிடிக்கும்.

ஒன்பதாவது வாரம் எனக்குக் கிடைத்த முதல் ஸ்கிரீன், நேரம் பதிவானதை உறுதி செய்யும் பக்கம். டாக்டர் பெயர், தேதி, மணி, எத்தனை மணிக்கு முன்னால் வர வேண்டும். கடைசி வரியை மெல்லிய சாம்பல் நிறத்தில் வைத்தேன், பார்க்க நேர்த்தியாக இருந்தது. அளந்து பார்த்தால் வெள்ளைக்கும் அந்தச் சாம்பலுக்கும் இடையே மாறுபாடு 2.85:1. பார்வைக் குறை உள்ளவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. இரண்டிலும் தேறவில்லை.

எண்ணை விடுங்கள். முதல் நாள் வந்த பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார், ஃபோனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் படித்தாரே, அவர். அந்த வரியைப் படிக்காவிட்டால் நேரத்துக்கு வந்து சேர முடியாதவர் அவர்தான். நிறத்தை அடர்த்தியாக்கினேன். அத்தனை வாரம் ஓரமாக உட்கார்ந்து எழுதியிருக்காவிட்டால் அவர் என் ஞாபகத்தில் இருந்திருக்க மாட்டார்.

2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பில் தொடும் இடங்களுக்கும் குறைந்தபட்ச அளவு வந்துவிட்டது, 24க்கு 24 பிக்சல், சில விலக்குகளோடு. வரையத் தொடங்கினால் இதையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 23

சம்பளம் இல்லாமல் செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் கருத்து: நீங்கள் எழுதும் குறிப்பு கிளையன்ட்டின் ரிப்போர்ட்டுக்குப் போகிறது என்றால், ஏஜென்சி அதற்குப் பணம் வாங்குகிறது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. முதலில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

ஜூன் 28

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் பார்த்து மனம் நிறைந்துவிட்டது. கேட்டதும் சுவர் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், வியாழக்கிழமை ஒரு சோதனையை அவரையே நடத்தச் சொல்லியிருக்கிறார்கள்!

சரி, வியாழனுக்காகச் சில விஷயங்கள். ஆரம்பத்திலேயே, "உங்களைச் சோதிக்கவில்லை, இந்த ஆப்பைத்தான் சோதிக்கிறோம், எங்கே சிரமமாக இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். "இதை நீங்களா செய்தீர்கள்?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லலாம். நீங்கள் வரைந்தது என்று தெரிந்தால் மனம் நோகக் கூடாதென்று குறையை விழுங்கிவிடுவார்கள்.

பணியைச் சொல்லும்போது பட்டனில் உள்ள சொல்லைச் சொல்லாதீர்கள். "தேதியை மாற்று" என்று பட்டன் இருந்தால், "வியாழக்கிழமை உங்களால் வர முடியவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

நான் நடத்திய முதல் சோதனையில், ஒரு பெண் மெனுவைத் தேடித் தவித்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "மேலே ஓரத்தில் மூணு கோடு இருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். உதவிதான் செய்தேன். ஆனால் அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கிரீனிலும் என் முகத்தைப் பார்த்தார். மீதி அரை மணி நேரக் குறிப்பு எதற்கும் பயன்படவில்லை. அன்றிலிருந்து மேஜைக்கு அடியில் விரல் விட்டுப் பத்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் ஏழு எட்டுக்குள் அவர்களே பேசிவிடுவார்கள். அப்புறமும் பேசாவிட்டால், "இப்போ என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

வியாழன் இரவு எப்படிப் போனது என்று எழுதுங்கள். அவர் பேசாமல் இருந்த இடங்களையும் எழுதுங்கள், எந்த ஸ்கிரீன், எத்தனை நொடி என்று.